சீநோர்: புறொஜெக்ற் முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது?

எங்கட பட்ச் நண்பன் ஒருவனின் அண்ணா, இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி ஒழுங்கு செய்துகொடுக்கும் ஒரு செயற்றிட்டத்தில் மூன்று வருடம் கள உத்தியோகத்தராக வேலை செய்தவர். வெளிநாட்டு நிதி. ஒருநாள் அந்த நிதி நின்றது. கந்தோரைப் பூட்டி, மேசை கதிரைகளை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். "என்ன அண்ணா நடந்தது?" என்று நாங்கள் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "புறொஜெக்ற் முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு எதுவும் இருக்கவில்லை.

இந்த வசனம் எங்களுக்குப் புதிது இல்லை. 2009 இல் முதலாம், இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் நாங்கள். நாங்கள் வளர வளர, எங்கள் ஊர்களில் கிணற்றுக் கட்டிலும் பொதுநோக்கு மண்டபச் சுவரிலும் தையல் மெசினிலும் கோழிக்கூட்டிலும் ஏதாவது ஒரு நாட்டின் கொடி ஒட்டியிருக்கும். பயிற்சி நடக்கும், சான்றிதழ் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், பிறகு வாகனம் வராது. தையல் பழகின அக்காமாரில் எத்தனை பேர் இப்ப தைக்கினம் எண்டு கேட்டு ஒருத்தரும் திரும்பி வந்ததாக எங்களுக்கு ஞாபகம் இல்லை.

அந்த அண்ணாவின் வசனத்துக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. வெளிநாட்டுப் பணத்தில் உள்ளூர்த் தொழிலை வளர்ப்பது, உள்ளூர் ஆட்களுக்குத் தொழில் பழக்குவது என்ற இந்த முயற்சி எங்கட மண்ணில் எப்ப தொடங்கினது? அப்படித் தொடங்கின ஒன்று முடிந்த பிறகு என்ன மிஞ்சினது? வரலாறு, பொருளியல், புவியியல் எண்டு மூன்று பாடத்தில் இருந்து நாலு பேர் சேர்ந்து தேடத் தொடங்கினோம். நூலகத்திலும் வீட்டுத் திண்ணைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்ட பெயர் 'சீநோர்'. சிலோன், நோர்வே என்ற இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டிய பெயர் அது.

முதலில் கேரளம்

எங்கட தலைமுறைக்கு நோர்வே என்றால் 2002 போர்நிறுத்த ஒப்பந்தமும் எரிக் சொல்ஹெய்மும்தான் ஞாபகம் வரும். அதற்கு 35 வருடம் முந்தியே நோர்வே யாழ்ப்பாணக் கரைக்கு வந்துவிட்டது. அப்போது அது சமாதானம் பேச வரவில்லை, மீன்பிடித் தொழிலோடு வந்தது. ஆனால் சீநோரை விளங்கிக்கொள்ள அதற்கும் முதல் நடந்த ஒன்றைப் பார்க்கவேண்டும். அது கேரளத்தில் நடந்தது.

இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியின் பிடியில் இருந்து மீண்ட நோர்வே, மார்ஷல் திட்டத்தில் அமெரிக்க உதவி வாங்கித் தன்னைக் கட்டியெழுப்பிய நாடு. வடகடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1969 இல். அதற்கு முன்னர் அந்த நாட்டுக்கு நல்லாகத் தெரிந்த தொழில்களில் முக்கியமானது மீன். உதவி வாங்கிய கையோடேயே உதவி கொடுக்கவும் தொடங்கியது. 1952 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா, நோர்வே மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், கொல்லத்துக்குப் பக்கத்தில் உள்ள நீண்டகரை, சக்திகுளங்கரை என்ற கரையோர ஊர்களில் இந்தோ-நோர்வீஜியத் திட்டம் தொடங்கியது. நோர்வே இன்னொரு நாட்டோடு செய்த முதல் அபிவிருத்தித் திட்டம் இதுதான்.

எண்ணம் நல்ல எண்ணம். ஏழை மீனவருக்குச் சிறிய இயந்திரப் படகு, பிடித்த மீன் பழுதாகாமல் இருக்க ஐஸ், ஊருக்குக் குடிதண்ணீர், ஒரு சுகாதார நிலையம், படகு கட்டுமிடம், பயிற்சி. மீன் கூடினால் உள்ளூர்ச் சனத்தின் சாப்பாடும் வருமானமும் கூடும் என்பதுதான் கணக்கு.

நடந்தது வேறு. 1950களில் உறைந்த இறாலுக்கு அமெரிக்காவில் நல்ல விலை வந்தது, பிறகு ஜப்பானிலும் வந்தது. அதுவரை காயவைத்து விற்ற இறால், ஏற்றுமதிப் பண்டமாக மாறியது. இயந்திரப் படகின் பின்னால் அடிமடி வலையைக் கட்டிக் கடலின் அடியை இழுத்தால் இறால் அள்ளலாம் என்பது திட்டம் கொண்டுவந்த தொழில்நுட்பத்தால் தெரிந்தது. ஊருக்கு மீன் என்று தொடங்கிய திட்டம் இறாலின் பக்கம் திரும்பியது. 1961 இல் அதன் தலைமையிடம் கொச்சிப் பக்கம் போனது. 1972 இல் நோர்வே விடைபெற்றது.

இதை நோர்வேயைச் சேர்ந்த மானிடவியலாளர் ஆர்ன மார்ட்டின் கிளவுசன் 1960களிலேயே ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். ஒரே திட்டம், ஒரே பணம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனாலும் சக்திகுளங்கரையின் கத்தோலிக்க மீனவர் அதைப் பிடித்து மேலே வந்த அளவுக்குப் பக்கத்து ஊரின் இந்து மீனவர் வரவில்லை என்பதை அவர் கண்டார். ஊருக்குள் ஏற்கெனவே இருக்கிற உறவுகளையும் பழக்கங்களையும் விளங்காமல் பணம் மட்டும் வந்தால் அது எல்லோரிடமும் ஒரே மாதிரிப் போய்ச்சேராது என்பதை இது காட்டுகிறது. கேரளத்துப் பொருளியலாளர் ஜோன் குரியன் 1980களில் எழுதியபோது இன்னும் ஒரு படி போனார். மீனவரின் நன்மைக்கு என்று தொடங்கியது எப்படி வியாபாரிகளின், ஏற்றுமதியாளரின் நன்மையாக மாறியது என்பதை எடுத்துக்காட்டினார். றோலரால் அடிபட்ட சிறு மீனவர் அந்தப் பத்தாண்டு முழுக்கக் கேரளத்துத் தெருக்களில் போராடினார்கள். 1988 இல் மழைக்கால இழுவைமடித் தடை வந்தது. திட்டம் தொடங்கி 36 வருடத்துக்குப் பிறகு அதன் விளைவை நிறுத்தச் சட்டம் தேவைப்பட்டது.

இங்கே நாங்கள் கவனித்த ஒரு விஷயம். 1960களில் அந்தத் திட்டம் கேரளத்துக்கு வெளியேயும் விரிந்தது. அப்படி விரிந்த இடங்களில் ஒன்று சென்னை மாநிலத்து மண்டபம். வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கோ. எங்களுக்கு எதிர்க்கரை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, திரும்பி வருவோம்.

குருநகரில் இருந்து ஒருவர்

1956 இல் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தார். நோர்வேயில் குடியேறிய முதல் இலங்கைத் தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். மீன்பிடிக் கரையில் பிறந்தவர், மீன்பிடியில் முன்னேறிய ஒரு நாட்டைப் போய்ப் பார்த்தார். எங்கட கரையில் ஏன் இப்படிச் செய்ய ஏலாது என்ற கேள்வி அவருக்கு வந்திருக்கவேண்டும், ஏனென்றால் அவர் அதோடு நிற்கவில்லை. பின்னாளில் நோர்வேயின் லிபரல் கட்சித் தலைவராக இருந்த பத்திரிகையாளர் ஆர்ன ஃபியோர்தொஃப்ற்றோடு சேர்ந்து, நோர்வேயில் பணம் திரட்டி, 1967 இல் காரைநகரில் சீநோரைத் தொடங்கினார்.

கேரளத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே மூன்று பெரிய இடங்கள் மேசையில் இருந்து ஒப்பந்தம் எழுதின. இங்கே ஊர்க்காரர் ஒருவர் போய்க் கேட்டுக் கொண்டுவந்தார். என்ன தேவை என்பதைக் கரையில் பிறந்த ஒருவர் சொல்ல, அதற்கு வெளிப்பணம் வந்தது. காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை எண்டு அது வளர்ந்தது. படகு, வலை இரண்டும் யாழ்ப்பாணக் கரையில் ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிற சாமான்கள். அதை வாங்க ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். செய்யப் பழகியவருக்கு வேலை இருந்தது, வேலை செய்தவரின் சாமானுக்குச் சந்தை இருந்தது.

அந்தக் காலத்துக் கரையை நினைத்துப் பார்க்கவேண்டும். பருத்தி நூல் வலை உக்காமல் இருக்க மரப்பட்டை அவித்த சாயத்தில் தோய்த்துக் காயப்போடவேண்டும். நைலோன் வலை வந்தபோது அந்த வேலை ஒழிந்தது. மரத்தில் செய்த வள்ளத்துக்கு வருடாவருடம் பழுது பார்க்கவேண்டும். கண்ணாடிநார்ப் படகு வந்தபோது அதுவும் குறைந்தது. ஆனால் நைலோனும் கண்ணாடிநாரும் கரையில் விளைகிற சாமான் இல்லை. எங்கேயோ இருந்து வாங்கவேண்டும் அல்லது இங்கேயே செய்யப் பழகவேண்டும். சீநோர் இரண்டாவது வழியைப் பிடித்தது.

ஐயா சொன்னது

சீநோரில் வேலை செய்த ஒருவரையாவது பார்க்கவேண்டும் என்று நாங்கள் குருநகருக்குப் போனோம். நண்பி ஒருத்தியின் உறவு முறையில் ஒரு ஐயா கிடைத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் படகு வேலைக்குப் போனவர். கொப்பி பேனையோடு நாலு பேரைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"பிள்ளையள், இது எந்தப் புறொஜெக்ற்?"

"ஒரு புறொஜெக்ற்றும் இல்லை ஐயா. நாங்களாத்தான் வந்தனாங்கள்" என்றோம். அவர் முழுசாக நம்பினதாகத் தெரியவில்லை. ஆனால் கதைக்கத் தொடங்கினார்.

படகு செய்கிற விதத்தை அவர் கையாலேயே காட்டினார். முதலில் அச்சு. அச்சுக்கு மெழுகு பூசித் தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் படகு அச்சில் இருந்து கழராது. பிறகு வெளிப்பக்கம் வரவேண்டிய நிறப்பூச்சு. அது காயிற பதத்தில் கண்ணாடிநார்ப் பாயை வெட்டி விரித்து, ரெசின் ஊற்றி, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியே எடுக்கவேண்டும். ஒரு குமிழ் உள்ளே நின்றாலும் நாளைக்குக் கடலில் அந்த இடத்தால்தான் வெடிக்கும். திரும்பப் பாய், திரும்ப ரெசின். ரெசினை இறுகவைக்கிற மருந்தை அளந்து கலப்பதுதான் பெரிய வித்தை என்றார்.

"வெயில் கூடின நாளில மருந்தைக் குறைக்கோணும். இல்லாட்டி வாளிக்குள்ளேயே கல்லாப் போடும். மாரியில கூட்டோணும். உது புத்தகத்தில இருக்கு, ஆனா நோர்வே வெயிலுக்கு எழுதின புத்தகம். எங்கட வெயிலுக்கு நாங்கள்தான் கணக்குப் பிடிச்சனாங்கள்."

நாங்கள் வகுப்பில் 'தொழில்நுட்பக் கைமாற்றம்' என்று எழுதுகிறோம். அது வாளிக்குப் பக்கத்தில் நின்று வெயிலைப் பார்த்து மருந்தைக் குறைக்கிற ஒரு மனிதனின் வேலை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பணம் வெளியில் இருந்து வரும். புத்தகமும் வரும். அந்தக் கணக்கை இங்கே இருக்கிறவர்தான் பிடிக்கவேண்டும், அதற்குச் சில வருடம் ஒரே இடத்தில் வேலை நடக்கவேண்டும்.

"பிறகு ஏன் ஐயா விட்டனீங்கள்?"

"நான் எங்க விட்டது? சண்டை வந்துது."

மற்றதெல்லாம் நாங்கள் அறிந்த வரலாறு. 1983. பிறகு கடலுக்குத் தடை, பாஸ், நேரக் கட்டுப்பாடு. 1990 இல் இருந்து யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை. அந்த வருடமே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. அதே ஆனியில் வெளியேறிய மயிலிட்டிச் சனத்துக்குத் தங்கள் துறைமுகத்தைத் திரும்பப் பார்க்க 2017 ஆடி மட்டும் காத்திருக்க வேண்டியிருந்தது. கடலுக்குப் போக முடியாத ஊரில் படகு யாருக்கு? காரைநகர்த் தளம் போருக்குள் செயலிழந்தது. சீநோர் என்ற பெயர் அரச நிறுவனமாகி, மீன்பிடி அமைச்சின் கீழ், கொழும்பைத் தளமாகக் கொண்டு தொடர்ந்தது. காரைநகர் என்ற ஊருக்கு அதில் பங்கு இல்லாமல் போன காலம் நீண்டது.

ஐயா பிறகு பல வருடம் மற்றவர்களின் பழுதான போட்டுகளுக்கு ஒட்டுப்போட்டுத்தான் சீவித்தார். ரெசின் கிடைக்காத காலத்திலும் எதையாவது வைத்து ஒட்டினாராம். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. இரண்டு பொடியங்களுக்குப் பழக்கியிருக்கிறார். ஒருவர் கனடாவில். மற்றவர் பாசையூரில் இப்போதும் போட் திருத்துகிறார்.

மீன் போன வழி

சீநோர் இன்னொரு வேலையும் செய்தது. அதை யாரும் திட்டமிடவில்லை. அது நோர்வேக்கு ஒரு வழியைத் திறந்தது.

1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாண இளைஞர் சிலர் இராஜேந்திரத்தின் தொடர்பால் நோர்வேக்கு வேலைக்குப் போனார்கள். 1975 இல் நோர்வே வெளிநாட்டுத் தொழிலாளர் வருவதை நிறுத்தியது. அதே காலத்தில்தான் இங்கே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, படித்த பொடியங்களுக்கு முன்னால் கதவு பூட்டத் தொடங்கியிருந்தது. அப்போது இன்னொரு கதவு இருப்பது தெரிந்தது. நோர்வேயில் 'மக்கள் உயர்பள்ளி' என்று ஒரு வகைப் பள்ளிக்கூடம் உண்டு. பரீட்சை இல்லை, புள்ளி இல்லை, ஒரு வருடம் தங்கிப் படிக்கலாம். அந்தப் பள்ளிகளுக்கு மாணவராக விண்ணப்பித்துப் போவது எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கி எண்பதுகளில் பெருகியது. 83க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

போனவர்களில் கணிசமானோருக்கு வேலை கிடைத்த இடம் நோர்வேயின் ஆக வடக்கே உள்ள ஃபின்மார்க். மாரியில் சூரியன் கிழமைக் கணக்கில் உதிக்காத கரை. அந்த ஊர்களின் சொந்தச் சனம் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்ததால் மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அங்கே நின்று கொட் மீனை வெட்டிப் பெட்டியில் அடுக்கினார்கள். இன்று நோர்வேயில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் நாடாளுமன்றம் வரைக்கும் போயிருக்கிறார்கள். அதில் எங்களுக்குப் பெருமைதான்.

ஆனால் ஒரு கணம் நின்று யோசித்துப் பாருங்கோ. யாழ்ப்பாணக் கரையில் மீன்பிடித் தொழிலை வளர்த்து ஆட்களை இங்கேயே நிற்கச் செய்ய வந்த ஒரு முயற்சி. கடைசியில் அதே கரைகளின் பிள்ளைகள் நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளை விழாமல் தாங்கிப் பிடித்தார்கள். 'ஆளணி அபிவிருத்தி' நடந்தது. எந்த ஊருக்கு நடந்தது என்பதுதான் கேள்வி.

சீநோர் இதற்குப் பொறுப்பு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. சனம் ஓடியது போருக்கு. உயிர் தப்ப ஒரு வழி தேவைப்பட்டபோது ஏற்கெனவே போட்டுக்கிடந்த ஒரு பாதை பாவிக்கப்பட்டது. அந்தப் பாதையால் தப்பிய குடும்பங்கள் அனுப்பிய காசில்தான் இங்கே எங்களில் பல பேரின் வீடு எழும்பினது, நாங்கள் படித்தது. இதையும் மறைக்க ஏலாது.

இரண்டு கரை

இப்போது மண்டபத்துக்குத் திரும்புவோம்.

பாக்குநீரிணையின் இரண்டு கரையிலும் அறுபதுகளில் நோர்வே உதவி இருந்தது. அந்தக் கரையில் இந்தோ-நோர்வீஜியத் திட்டம், இந்தக் கரையில் சீநோர். அந்தக் கரையில் இயந்திரமயமாக்கலைத் தமிழ்நாட்டு அரசும் மானியம் கொடுத்துத் தள்ளியது, இறால் சந்தை இழுத்தது, முதல் போட்டவர்கள் கரையூர்களுக்கு வெளியில் இருந்தும் வந்தார்கள். றோலர் பெருகியது. இந்தக் கரையில் அதே முப்பது வருடம் போர். எங்கட மீனவர் கடலுக்குப் போகாமல் இருந்த காலத்தில் அந்தக் கரையின் றோலர்கள் எங்கட பக்கத்துக் கடலில் தொழில் செய்து பழகிவிட்டன. போர் முடிந்து இவர்கள் சின்னப் போட்டோடும் புது வலையோடும் இறங்கினபோது கடலில் இடம் இல்லை. கிழமையில் மூன்று நாள் இந்திய றோலர் வரும், அன்றைக்கு வலை விரித்தால் காலையில் அறுந்த நூல்தான் மிஞ்சும் என்று குருநகரிலும் பருத்தித்துறையிலும் சொல்வார்கள். கடன் எடுத்து வாங்கின வலை.

இது 'நோர்வே செய்த வேலை' என்று சொன்னால் அது பொய். றோலரில் வருகிற இராமேஸ்வரத்துக் கூலித் தொழிலாளியும் எங்களைப் போலத் தமிழ் பேசுகிற, அன்றாடம் காய்ச்சுகிற மனிதன்தான், படகின் லாபம் அவனுக்குப் போவதில்லை. எங்கட பக்கமும் சுத்தம் இல்லை. குருநகரிலேயே உள்ளூர் றோலர்கள் ஓடுகின்றன. இலங்கை நாடாளுமன்றம் 2017 இல் இழுவைமடியைத் தடைசெய்த பிறகும் அந்தச் சண்டை முடியவில்லை. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் போன பிறகும் அது ஊரில் நிற்கும், வளரும், கை மாறும். ஐம்பது வருடத்துக்குப் பிறகு அது யாருடைய வலையை அறுக்கும் என்பது எந்தச் செயற்றிட்ட அறிக்கையிலும் இருக்காது.

பயிற்சிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை

இதையெல்லாம் படித்துக்கொண்டு இருக்கும்போது இன்னொரு ஒப்பீடும் கண்ணில் பட்டது.

1958 தை முதலாம் திகதி தனியார் பஸ் கொம்பனிகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. ஆயிரக்கணக்கான பஸ்களைத் திருத்த ஆட்கள் வேண்டும். அடுத்த வருடமே, 1959 இல், மேற்கு ஜேர்மனியின் உதவியோடு சபையின் வேரஹெர வேலைத்தளத்தில் இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. பிறகு மொரட்டுவைக்கு மாறியது. இன்றைக்கும் இயங்குகிறது, வாகனத் தொழிலில் அதன் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. அது ஏன் நிலைத்தது? பல காரணம் இருக்கும். எங்களுக்குத் தெரிகிற ஒரு காரணம், பஸ் முதலில் இருந்தது, பயிற்சி பிறகு வந்தது. பழகி முடித்தவன் போய் நிற்க ஒரு வேலைத்தளம் இருந்தது.

2016 இல் கிளிநொச்சி அறிவியல்நகரில், எங்கள் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குப் பக்கத்திலேயே, மறுபடியும் ஜேர்மன் நிதியில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறந்தது. நல்ல கட்டடம், நல்ல மெசின்கள், மூவின மாணவர்களும் படிக்கிறார்கள். போரால் படிப்பைத் தொலைத்த மாவட்டத்துக்கு அது வந்தது நியாயம். எங்கட கூட்டாளிகள் சிலரும் அங்கே படித்தவர்கள். உணவுத் தொழில்நுட்பமோ வாகனத் திருத்தமோ நல்லாகத் தெரிந்தவர்கள். ஆனால் 'முடிச்சிட்டு எங்க வேலை?' என்று கேட்டால் பதில் பெரும்பாலும் கொழும்பு, கட்டார், டுபாய். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருந்த அதே மாவட்டத்தில் இருந்துதான் இந்தப் பதில் வருகிறது. அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையை இந்திய நிதியில் புனரமைத்து 2014 இல் திறந்தார்கள். இன்னும் அப்படி எத்தனை வேண்டும்?

2022 நெருக்கடி வருடத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிவுசெய்து வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். முழு நாட்டின் கதையே இதுதான். தொழில் பழக்குகிறோம், பழகியவரை நிறுத்த இடம் இல்லை. மொரட்டுவையில் பஸ் முதலில் வந்தது. எங்கட பக்கத்தில் பயிற்சி முதலில் வருகிறது, பஸ் வரவே இல்லை.

அப்ப என்ன செய்யிறது?

வெளிநாட்டு நிதி வேண்டாம் என்று எழுதுவது சுலபம். மாலை நேரத்துத் தேத்தண்ணிக்கு நல்ல விவாதம். ஆனால் எங்களிடம் முதல் இல்லை, வங்கிக் கடனுக்குப் பிணை இல்லை, போரில் அழிந்ததைத் திருப்பித் தர யாரும் இல்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் நாங்கள் இல்லை. சீநோர் வராமல் இருந்திருந்தால் அந்த ஐயா ரெசின் வாளியைத் தொட்டிருக்கமாட்டார்.

ஆனால் கேள்வி கேட்கலாம். இனி எங்கள் ஊருக்கு ஒரு செயற்றிட்டம் வரும்போது, 'எத்தனை பேருக்குப் பயிற்சி?' என்ற கேள்வியோடு நின்றுவிடாமல் நாங்கள் கேட்கவேண்டியவை சில உண்டு என்று நினைக்கிறோம். இதைக் கேட்டு வாங்கியது யார், கரையில் இருக்கிறவரா அல்லது மேசையில் இருக்கிறவரா? பழகியவர் செய்யும் சாமானை இந்த ஊரில் வாங்க ஆள் இருக்கிறதா? பணம் கொடுத்தவர் போன பிறகு மெசின் யாருடைய பெயரில் இருக்கும், சங்கத்தினதா, அமைச்சினதா, முதலாளியினதா? புதுத் தொழில்நுட்பம் பக்கத்து வீட்டுக்காரனின் வலையை அறுக்குமா? பத்து வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்து பழகியவர் எங்கே என்று பார்ப்பதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறதா?

கேரளம் முதல் கேள்வியில் பிழைத்தது, அதாவது கரைக்காரரிடம் கேட்கவில்லை. சீநோர் முதல் இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் வைத்திருந்தது, போர் அதை உடைத்தது. அதனால்தான் எங்களுக்குச் சீநோர் தோற்ற கதையாகத் தெரியவில்லை. இடையில் நிறுத்தப்பட்ட கதையாகத்தான் தெரிகிறது. நிறுத்தப்பட்ட ஒன்றைத் திரும்பத் தொடங்கலாம்.

கலைப்பீட மாணவரான எங்களால் படகு செய்ய ஏலாது. ஆனால் எங்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. சீநோர், காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி ஆலை, இவற்றில் வேலை செய்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். போரைப் பற்றிய நினைவுகளை ஓரளவுக்கு எழுதிவிட்டோம். வேலையைப் பற்றிய நினைவுகளை நாங்கள் எழுதவில்லை. எந்த வெயிலுக்கு எவ்வளவு மருந்து என்பது ஒரு தலைக்குள் மட்டும் இருக்கிறது. இதை வாசிக்கிற உங்கள் வீட்டில் அப்படி ஒரு அப்பப்பாவோ அம்மம்மாவோ இருந்தால், இந்த விடுமுறையில் பக்கத்தில் இருந்து கேளுங்கோ. போனில் பதிவு செய்யுங்கோ. எங்களுக்கும் அனுப்புங்கோ.

வெளிக்கிடும்போது ஐயா வாசல் வரைக்கும் வந்தார். "நீங்கள் படிச்சு முடிச்சு எந்த நாட்டுக்குப் போறியள்?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், எங்கட வயதுப் பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி. எங்களில் இரண்டு பேர் சிரித்துச் சமாளித்தோம். ஒருத்தி ஏற்கெனவே ஐஈஎல்ரிஎஸ் வகுப்புக்குப் போகிறாள். மற்றவன் "இங்கதான் ஐயா" என்றான்.

"இங்க நிண்டு என்ன செய்யப் போறாய்?" என்றார் ஐயா.

அதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. அந்தப் பதில் எங்கட தலைமுறைக்குக் கிடைக்குமா என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தோம்.